குழந்தைகளுக்காகக் காசு கொடுக்கப் போகிறீர்களா? எங்கே, எப்படிக் கொடுப்பது

கொடுக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கொடுப்பது என்று முடிவு செய்து, மாதம் ஐந்நூறோ ஐயாயிரமோ ஒதுக்கியும் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றும் வேண்டுகோள், யூடியூபில் எலும்பும் தோலுமாக வரும் குழந்தை, சிக்னலில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் பையன் என்று எல்லாவற்றையும் பார்த்துக் குழம்பிப் போயிருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். பல வருடங்களாகக் கொடுத்தும், கொடுத்த இடங்களைப் பற்றிப் படித்தும் என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான். இந்தக் காசு குழந்தையை அதன் அம்மா அப்பாவோடு, அதன் ஊரிலேயே பிழைக்க வைக்கிறதா, இல்லை அங்கிருந்து பிரித்து எடுத்து வருகிறதா? இதைக் கேட்டாலே பாதி விளம்பரங்கள் கழன்றுவிடும்.

முதலில், நல்ல உதவி என்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது பார்க்கச் சுவாரசியமே இல்லாததாக இருக்கும்.

கடுமையான ஊட்டக்குறைவை எடுத்துக்கொள்வோம். நைஜர், சோமாலியா, தெற்கு சூடான் மாதிரி இடங்களில் சுகாதாரப் பணியாளர் கையில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தையின் மேல்கையில் அதைச் சுற்றுவார்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, உடனே சிகிச்சை. 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எடை மெஷின் வேண்டாம், டாக்டர் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவே வீட்டில் அளந்து பார்க்கலாம். இப்போது பல இடங்களில் அம்மாக்களிடமே பட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சிவப்பு காட்டினால் கொடுப்பது வேர்க்கடலைப் பசை. வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள் எல்லாம் கலந்து 92 கிராம் பாக்கெட்டாக வரும், ஒன்றில் 500 கலோரி. பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்த், நியூட்ரிசெட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 1996-இல் உருவாக்கியது. அதற்கு முன்னால் இருந்தது சிகிச்சைக்கான பால் பவுடர்தான். அதைச் சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும், வைத்தால் கெட்டுவிடும், அதனால் குழந்தையோடு அம்மாவும் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டும். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகளும், களையெடுக்காத காடும் கிடக்க எந்த அம்மா அப்படி உட்கார்ந்திருப்பாள்? பாதியில் கிளம்பிவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். பசைக்குத் தண்ணீரே வேண்டாம், கிருமி எளிதில் வளராது, பாக்கெட்டைக் கிழித்துக் குழந்தை அப்படியே உறிஞ்சிச் சாப்பிடும். மையத்தில் ஒரு பாக்கெட் கொடுத்துப் பார்க்கிறார்கள், பசித்துச் சாப்பிட்டால் ஒரு வாரத்துக்கான பாக்கெட்டுகளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், காய்ச்சலோ வீக்கமோ வேறு சிக்கலோ இருக்கும் குழந்தையை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரம், சுமார் 150 பாக்கெட், அதாவது ஒரு அட்டைப்பெட்டி. 2005-இல் நைஜரில் பஞ்சம் வந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தது இந்த வழியில்தான். எல்லோரையும் படுக்கையில் சேர்த்துப் பார்ப்பது என்றால் அது நடந்தே இருக்காது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த முறையை ஏற்றுக்கொண்டு கூட்டறிக்கை விட்டன.

இன்னொன்று நம் பக்கத்திலேயே நடந்தது. 1971-இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்துப் பொங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பிறகு வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் பத்து வருடம் வீடு வீடாகப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று சுமார் 1.2 கோடி வீடுகளில் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் சம்பள முறைதான். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்பதற்குச் சம்பளம் இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய் அந்த அம்மாவிடம் கேட்பார், அவர் கலக்கிக் காட்டும் கரைசலையும் எடுத்துச் சோதிப்பார்கள், அம்மா எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதற்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் காசு. “இத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தோம்” என்று ஒரு அமைப்பு சொல்லும்போது, சென்றடைந்தபின் என்ன ஆனது என்று யாராவது திரும்பிப் போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இந்த வகையில் கொடுக்க விரும்பினால் கிவ்வெல் என்ற ஆய்வு அமைப்பின் பட்டியலைப் பாருங்கள். 2007-இல் அமெரிக்காவில் தொடங்கியது, எந்த உதவிக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று தோண்டித் துருவிப் பார்ப்பதே அதன் வேலை. அதில் இருப்பவை கொசுவலை, வைட்டமின் ஏ சொட்டு மருந்து, வடக்கு நைஜீரியாவில் தடுப்பூசி போட வரும் அம்மாக்களுக்குச் சிறு தொகை, ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் மழைக்காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாதாமாதம் மலேரியாத் தடுப்பு மாத்திரை. கடைசியாகச் சொன்னதில் முதல் நாள் மாத்திரையைப் பணியாளர் முன்னாலேயே கொடுப்பார்கள், அடுத்த இரண்டு நாளுக்கும் அம்மாவே வீட்டில் கொடுத்துவிடுவார். கண்ணீர் வரவழைக்கும் படம் எதுவும் இதில் எடுக்க முடியாது.

சரி, இப்போது கசப்பான பகுதி. அநாதை இல்லம்.

உலகம் முழுக்க இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லாதது, உடல் குறைபாடு, இதனால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த நாட்டில் திடீரென்று அநாதைகள் பெருகவில்லை, சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையும் பெருகின. அங்கே இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார்கள். நேபாளத்தில் தரகர்கள் கிராமத்துக்குப் போய், நல்ல படிப்பு என்று பெற்றோரிடம் சொல்லி அழைத்து வந்து, காகிதத்தில் அநாதையாக்கிய கதைகள் ஏராளம். ஆஸ்திரேலியா 2018-இல் இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது.

இல்லம் நன்றாக நடந்தால் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு ருமேனியாவைச் சொல்வேன். 2000-இல் புகாரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் வழக்கம்போல் இல்லங்களில். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் ஒட்டுதலும் தெளிவாக மேலே போயின, அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நிறையவே. சோறும் துணியும் மட்டும் ஒரு கைக்குழந்தைக்குப் போதவில்லை.

நம் ஊரில் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடும் பழக்கம் இருக்கிறது. மனசு நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவருடைய கேக்குக்கு வரிசையாக நின்று கைதட்டிப் பாட வேண்டிய பிள்ளையின் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையை வைத்துப் பார்த்தால் அந்த ஃபோட்டோவை ஸ்டேட்டஸில் போடக் கை வராது. போடவும் கூடாது, சட்டப்படியே. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடத் தடை செய்கிறது. ஆக, குழந்தைகளின் முகத்தையும் பெயரையும் சோகக் கதையையும் போட்டுக் காசு கேட்கும் இல்லம் ஏற்கெனவே ஒரு சட்டத்தை மீறிக்கொண்டுதான் கேட்கிறது. அதே சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்றும் கேளுங்கள். இதற்கு உடனே எண் சொல்லத் தெரிந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

உங்கள் தெருவிலேயே அப்பா செத்துப்போய் அம்மா தடுமாறும் குடும்பம் இருந்தால், பிள்ளையை விடுதியில் சேர்க்கச் சொல்வதற்கு முன்னால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துப் போங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும், பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம். விண்ணப்பம் நிரப்பி, சான்றிதழுக்கு அலைந்து கொடுப்பது உங்கள் அரை நாள் வேலை. அவசர நிலைமை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பேரிடர் வந்தால் என்ன செய்வது? சாமான் அனுப்பாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலை மலையாகக் குவிந்து கிடந்ததை அப்போது அங்கே போனவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரி பிடித்து, இறக்க ஆள் பிடித்து, கடைசியில் அப்புறப்படுத்தவும் ஆள் பிடித்து, எல்லாம் நிவாரண வேலை செய்ய வேண்டியவர்களின் நேரம். அதைவிட மோசம் குழந்தைப் பால் பவுடர். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த ஆய்வில், நன்கொடைப் பால் பவுடர் கிடைத்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, கிடைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அசுத்தத் தண்ணீர், கழுவாத புட்டி, நின்றுபோன தாய்ப்பால். பணமாகக் கொடுங்கள், ஏற்கெனவே அந்த ஊரில் வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்புக்குக் கொடுங்கள்.

பேரிடரில் “அநாதைகளைக் காப்பாற்றி அழைத்து வருகிறோம்” என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். 2007-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு குழு சாட் நாட்டிலிருந்து 103 குழந்தைகளை, சூடானின் தார்ஃபூர் பகுதி அநாதைகள் என்று சொல்லி விமானம் ஏற்றப் போய்ப் பிடிபட்டது. பெரும்பாலோர் சாட் நாட்டுப் பிள்ளைகள், பெற்றோர் இருந்தவர்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் பத்துப் பேர் 33 பிள்ளைகளோடு எல்லையில் மாட்டிக்கொண்டதும் இதே கதைதான். இந்தோனேசியா இதை முன்கூட்டியே யோசித்தது, சுனாமி முடிந்த சில நாட்களிலேயே 16 வயதுக்குட்பட்டவர்களைப் பெற்றோர் இல்லாமல் ஆச்சே மாகாணத்தை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை போட்டது. அந்த நேரத்தில் தேவைப்படுவது குடும்பத்தைத் தேடித் தரும் வேலை. செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் சேவ் தி சில்ட்ரனும் செய்வது இதைத்தான்: பிள்ளையின் பெயர், ஊர், கடைசியாக யாரோடு இருந்தது என்று பதிவு செய்து, பட்டியல் ஒட்டி, அத்தையோ தாத்தாவோ கிடைக்கும்வரை தேடுவது. 1994-இல் ருவாண்டா இனப்படுகொலையின்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிரிந்து போனார்கள், அந்தத் தேடல் வருடக்கணக்கில் நடந்தது. செய்தியில் ருவாண்டா மறைந்த பிறகும் அதற்குக் காசு தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

“ஒரு குழந்தையைத் தத்தெடுங்கள், மாதம் இவ்வளவு” என்கிற திட்டங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பெரும்பாலான அமைப்புகளில் உங்கள் பணம் அந்த ஒரு பிள்ளையின் கைக்குப் போவதில்லை, அந்த ஊர்ப் பள்ளி, தண்ணீர், சுகாதாரம் என்று பொதுவில் போகிறது, கடிதமும் படமும் உங்களைப் பிடித்து வைக்க. பொதுவில் போவதுதான் நல்லதும்கூட, ஒரே தெருவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சைக்கிள் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கும்? பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இப்படிப் பிள்ளைக்கு ஒரு புரவலர் என்று நடத்தும் கம்பேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் திட்டத்தை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013-இல் வந்த கட்டுரை, உதவி பெற்ற பிள்ளைகள் ஒன்று முதல் ஒன்றரை வருடம்வரை கூடுதலாகப் படித்தார்கள் என்று காட்டியது. ஆனால் அந்த அமைப்பு 2017-இல் இந்தியாவில் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று, வெளிநாட்டுப் பண விதிகளால். தனிப் பிள்ளையோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர்களுக்கு அது ஒரே நாளில் அறுந்தது. கொடுப்பதென்றால் ஊருக்கு என்று கொடுங்கள், பிள்ளையை நேரில் பார்க்கவேண்டும் என்று கேட்காதீர்கள்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய அமைப்பு என்றால் தொண்டு அமைப்புகளின் விவரம் இருக்கும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் தேடுங்கள், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து வங்கி வழியாகச் சொந்தப் பணம் அனுப்பினால் சிக்கல் இல்லை, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு இருக்க வேண்டும், பணம் புது தில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். “என் சொந்தக் கணக்குக்குப் போடுங்கள் அண்ணா” என்றால் அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். கனடா, பிரிட்டன், சிங்கப்பூரில் பதிவான அமைப்புகளை அந்தந்த அரசுத் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். கணக்கு எழுதுபவர், பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவரின் பின்னணியை விசாரிப்பவர், திரும்பிப் போய்ச் சோதிக்கும் ஆள், இவர்கள் சம்பளம் எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள்தான் வரும். குழந்தைகள் பாதுகாப்பு விதிமுறை எழுத்தில் இருக்கிறதா, புகார் வந்தால் யாரிடம் போகும் என்று கேட்பது அதைவிட முக்கியம்.

எல்லாம் பார்த்து ஒன்றோ இரண்டோ அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும், பத்து இடத்துக்குப் பிரிக்காமல், மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள், “இதற்கு மட்டும்” என்று நிபந்தனை போடாமல். வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் அறிக்கையைப் படியுங்கள். போன வருடம் எது சரியாக வரவில்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லையென்றால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் வரவில்லையா, அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திவிட்டு இன்னொரு அமைப்புக்கு மாற்றுங்கள்.