தக்காளி காய்ப்புழுவ லேப்ல வளர்க்கிறது எப்படி

ஒட்டுண்ணியோ என்பிவி வைரஸோ (புழுவுக்கு நோய் வர வெச்சு கொல்ற வைரஸ்), எத டெஸ்ட் பண்றதா இருந்தாலும் ஒரே வயசுல நோயில்லாத புழு நெறைய வேணும், அதனால ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராங்கற இந்தக் காய்ப்புழுவோட கல்ச்சர் (லேப்ல தலைமுறை தலைமுறையா வளர்க்கற கூட்டம்) நல்லா ஓடினாத்தான் மத்த வேலை நகரும்.

தோட்டத்துல பொறுக்கின புழுவ நேரா பழைய கல்ச்சரோட சேக்காதீங்க. ஒரு தலைமுறை தனி ரூம்ல வளரட்டும், சிலதுக்குள்ள ஏற்கனவே ஒட்டுண்ணியோ வைரஸோ இருக்கும், வெளிய பாத்தா தெரியாது.

உணவுக்கு கொண்டைக்கடலை மாவு, ஈஸ்ட், கெட்டியாக்க அகர், பூஞ்சை வராம இருக்க சார்பிக் ஆசிட். அகர் கரைசல் 60 டிகிரிக்கு கீழ ஆறினப்புறம்தான் வைட்டமினும் அஸ்கார்பிக் ஆசிடும் போடணும், கொதிக்கும்போது போட்டா வீண். வைரஸ் டெஸ்ட்டுக்கான உணவுல ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அது வைரஸையே செயலிழக்க வெச்சிடும், அப்புறம் ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்ல.

இந்தப் புழு ஒண்ண ஒண்ணு தின்னும், இத லேசா எடுத்துக்காதீங்க. பொரிச்ச குட்டிங்க ஒண்ணா இருக்கலாம், ஆனா மூணாவது பருவத்துக்குள்ள (ரெண்டு தடவ தோல் உரிச்சப்புறம் வர்ற பருவம்) மெல்லிசு பிரஷ்ஷால எடுத்து குழிக்கு ஒண்ணா செல் ட்ரேல பிரிச்சே ஆகணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா காலைல எண்ணிக்கை கொறஞ்சிருக்கும். 25-27 டிகிரி, ஈரப்பதம் 65-70 சதவீதம், 14 மணி நேரம் வெளிச்சம், இது போதும்.

கூட்டுப்புழுவ மைக்ரோஸ்கோப்ல பாத்து ஆண் பெண் பிரிங்க. இனப்பெருக்கத் துளை எட்டாவது வயிற்றுக் கண்டத்துல இருந்தா பெண், ஒன்பதாவதுல இருந்தா ஆண். அந்துப்பூச்சிக்கு 10 சதவீத தேன் கரைசல பஞ்சுல நனைச்சு வைங்க, தினம் மாத்துங்க, கூண்டுல தொங்கவிட்ட துணில ராத்திரி முட்டை வைக்கும். துணிய 0.1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்ல கொஞ்ச நேரம் முக்கி, நல்ல தண்ணில அலசி, நிழல்ல காய வைங்க, முட்டை மேல ஒட்டியிருக்கற வைரஸ் அடுத்த தலைமுறைக்குப் போகாம இருக்க இதான் வழி.

புழு மேல்பக்கமா ஏறிப்போய் தலைகீழா தொங்கி, தொட்டா கரைஞ்சு வழிஞ்சுதுன்னா அது என்பிவி. அந்த ட்ரேய தொறந்து பாத்துட்டே நிக்காம மூடின வாக்குலயே வெளிய எடுத்து ஆட்டோகிளேவ்ல (அழுத்த நீராவில கிருமிய கொல்ற கருவி) போட்டுடுங்க. தினமும் நல்ல கல்ச்சர் வேலைய முடிச்சுட்டுத்தான் வைரஸ் டெஸ்ட் நடக்கற ரூமுக்குப் போகணும், போனா அன்னைக்கு திரும்ப இந்தப் பக்கம் வரக்கூடாது.