வீட்டிலேயே பபிள் டீ: முத்து உருட்டுவது முதல் கிளாஸில் ஊற்றுவது வரை

பபிள் டீ என்பது மரவள்ளி முத்துகளைப் போட்டு ஐஸோடு குடிக்கும் பால் டீ. அதில் டீ போடுவது பெரிய வேலையே இல்லை. அதன் உயிர் அடியில் கிடக்கும் கரும்பழுப்பு முத்துகளில்தான் இருக்கிறது. கடிக்கும்போது பல்லுக்குச் சற்று எதிர்த்து நின்று, அப்புறம் இழுபட்டு அறுபட வேண்டும். உருட்டிய அன்றே வேகவைத்தால் அந்தப் பதம் வீட்டிலேயே வரும். முத்துக்கு வேண்டியது ஸ்டார்ச், சர்க்கரை, தண்ணீர் மூன்றும்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்திருக்க வேண்டும், பாதி வெற்றி அதில்தான்.

இந்தப் பானம் பிறந்தது 1980களின் தைவானில். பாகில் ஊறிய மரவள்ளி உருண்டைகளை இனிப்பாகச் சாப்பிடுவது அங்கே அதற்கு முன்பே உண்டு. அதை யார் முதலில் டீயில் போட்டார்கள் என்பதில் தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடைக்கும் தைனான் நகரின் ஹான்லின் கடைக்கும் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. காப்புரிமை பெற்ற பானம் அல்ல என்பதால், முதலில் செய்தது யார் என்று முடிவு செய்யத் தேவையில்லை என்று 2019இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் செய்திருந்தாலும் நல்லது செய்தார்கள்.

என்னென்ன வேண்டும் (4 கிளாஸுக்கு)

முத்துக்கு: மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராம், மேலே தூவக் கொஞ்சம் தனியாக. நாட்டுச்சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 70 மி.லி.

பாகுக்கு: நாட்டுச்சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 50 மி.லி.

டீக்கு: டீத்தூள் 25 கிராம், தண்ணீர் 600 மி.லி., காய்ச்சி ஆறவைத்த பால் 300 மி.லி., நிறைய ஐஸ்கட்டி.

ஸ்டார்ச் வாங்கும்போது கவனம். கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மரவள்ளி மாவும் கடையில் கிடைக்கும். அதில் நார் இருப்பதால் முத்து சொரசொரவென்று வரும். நமக்கு வேண்டியது கிழங்கை அரைத்துப் பாலை வடித்து, அடியில் படிவதைக் காயவைத்து எடுக்கும் வெள்ளை ஸ்டார்ச். சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசிக்கு மூலப்பொருளே இதுதான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் கறுக் கறுக்கென்று லேசாகச் சத்தம் வரும்.

"ஜவ்வரிசியையே மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஜவ்வரிசியைச் செய்யும்போதே சூட்டில் வறுத்து உலர்த்துவதால் மாவு ஓரளவு வெந்துவிடுகிறது. அந்தப் பொடியைப் பிசைந்தால் இந்த இழுவை வராது.

சர்க்கரையில் நாட்டுச்சர்க்கரைக்குத்தான் என் ஓட்டு. தைவானில் போடும் கருஞ்சர்க்கரையும் சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரைதான், சுவையும் நெருங்கி வரும். வெல்லம் என்றால் கரைத்து மண் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியின் வாசம் டீயை அமுக்கிவிடும். கடையில் வரும் கறுப்பு நிறம் வீட்டில் வராது, நல்ல பழுப்புதான் வரும். அது போதும்.

படி 1: மாவு பிசைதல்

இங்கே அவசரப்படாதீர்கள். அடிகனமான சின்னப் பாத்திரத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கரைத்து, நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வந்தால் போதாது, நடுவிலும் பொங்க வேண்டும். தீயைக் குறைத்து, ஸ்டார்ச்சில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொட்டி, மரக்கரண்டியால் வேகமாகக் கிளறுங்கள். சில நொடிகளிலேயே வெள்ளை மறைந்து, கண்ணாடி போன்ற பழுப்புப் பசை திரண்டு கரண்டியில் சுற்றிக்கொள்ளும். உடனே அடுப்பை அணைத்து மீதி ஸ்டார்ச்சைச் சேர்த்துக் கிளறுங்கள்.

மரவள்ளி ஸ்டார்ச் ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பசையாகிறது. அந்தப் பசைதான் மீதி மாவைப் பிடித்து நிறுத்துகிறது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைகிறோமே, அதே காரணம்தான். ஆறிய தண்ணீரில் பிசைந்தால் கையால் அழுத்தும்போது கல் போல நிற்கும், கையை எடுத்ததும் வழிந்து ஓடும். எவ்வளவு பிசைந்தாலும் அது மாவாகத் திரளாது.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பலகையில் கொட்டிப் பிசையுங்கள். முதலில் உதிர்ந்து உதிர்ந்து போகும், பயப்பட வேண்டாம். 5 நிமிடம் விடாமல் பிசைந்தால் வழவழப்பாகத் திரண்டு வரும். அதற்கப்புறமும் விரிசல் விட்டால் சுடுதண்ணீர் அரை ஸ்பூன் தெளியுங்கள். கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் ஸ்டார்ச் சேருங்கள். ஆறிப்போன மாவு மறுபடி விரிசல் விடும் என்பதால் சூடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 2: உருட்டுதல்

கொஞ்சம் மாவை எடுத்துக்கொண்டு மீதியை ஈரத்துணியால் மூடிவையுங்கள். எடுத்த மாவை 7 மி.மீ. தடிமனில் கயிறாகத் திரித்து, அதே நீளத்துக்குத் துண்டு போட்டு, உள்ளங்கையில் உருட்டுங்கள். வெந்தால் உப்பி 1 செ.மீ. வரை வரும். அதைவிடப் பெரிதாக உருட்டினால் நடுவில் வேகாது, ஸ்ட்ராவிலும் ஏறாது. உருட்டியதை உலர்ந்த ஸ்டார்ச்சில் புரட்டித் தட்டில் பரப்புங்கள். பொறுமை கேட்கும் வேலை. வீட்டில் இருப்பவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்.

படி 3: வேகவைத்தல்

முத்துகளைச் சல்லடையில் போட்டு அதிகப்படி மாவைத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் கஞ்சியாகிவிடும். பெரிய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் வைத்து, நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். போட்டவுடன் அடியில் ஒட்டாமல் மெதுவாகக் கிளறிக்கொடுங்கள். ஓரிரு நிமிடத்தில் மிதந்துவிடும். அது வெந்ததற்கு அடையாளம் அல்ல. மூடி வைத்து மிதமான தீயில் 20 நிமிடம் வேகட்டும், இடையிடையே கிளறுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் 20 நிமிடம் விடுங்கள்.

இப்போது ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒரே நிறமாக இருந்தால் சரி. நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசுங்கள். மேலே இருக்கும் கொழகொழப்பு போய் முத்து இறுகும்.

படி 4: பாகு

சர்க்கரையும் தண்ணீரும் கரைந்து பொங்கியதும் முத்துகளைச் சேர்த்து, சின்னத் தீயில் 5 நிமிடம் கிளறுங்கள். பாகு தேன் பதத்தில் முத்தின் மேல் பூசிக்கொண்டால் இறக்கிவிடலாம். இந்தப் பாகுதான் பானத்துக்கு இனிப்பு. டீயில் தனியாகச் சர்க்கரை வேண்டாம்.

படி 5: டீ

முத்து வேகும் நேரத்திலேயே டீயைத் தயாராக்கிவிடலாம். அசாம் அல்லது சிலோன் டீ நல்லது, அந்தத் திடம்தான் பாலையும் ஐஸையும் தாங்கும். தைவானிலும் சூரியச்சந்திர ஏரிப் பகுதியில் 1925 வாக்கில் ஜப்பானியர் காலத்தில் அசாம் வகைச் செடிகளை நட்டார்கள்.

கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து டீத்தூளைப் போட்டு மூடுங்கள். இலை டீ என்றால் 6 நிமிடம், டஸ்ட் டீ என்றால் 3 நிமிடம். நம் வழக்கப்படி பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஐஸ் போட்டதும் துவர்ப்பு மட்டுமே மேலே நிற்கும். வடிகட்டி ஆறவையுங்கள். தைவான் கடைகளில் பலவற்றில் பாலுக்குப் பதிலாகக் கிரீமர் பவுடர்தான் போடுகிறார்கள். வீட்டில் பாலே போதும், கெட்டியாக வேண்டுமானால் ஒரு ஸ்பூன் பால் பவுடர் சேர்க்கலாம். டீயும் பாலும் ஆறியிருந்தால் வெல்லப் பாகு பட்டுத் திரிந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை.

படி 6: கிளாஸில்

மூடி இறுக்கமான பாட்டிலில் டீ, பால், ஐஸ் போட்டு, நுரை கட்டும்வரை நன்றாகக் குலுக்குங்கள். கிளாஸில் 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான முத்தைப் பாகோடு போட்டு, கிளாஸைச் சாய்த்துச் சுற்றினால் பக்கவாட்டில் பழுப்புக் கோடுகள் இறங்கும். அதன் மேல் டீயை ஊற்றி உடனே குடியுங்கள். ஸ்ட்ரா 12 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத்தான் தடை இருக்கிறதே, ஸ்டீலில் அந்த அளவு கிடைக்கிறது. ஸ்பூனும் போதும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முத்து போடாதீர்கள், உறிஞ்சும் வேகத்தில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வெந்த முத்தை 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஸ்டார்ச் மறுபடி இறுகி, உள்ளே மாவு மாவாகிவிடும். ஒரே தடவையில் நிறையச் செய்து வைக்க ஆசைப்பட்டால், உருட்டிய பச்சை முத்தைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறையவிட்டு, டப்பாவில் போட்டு வையுங்கள். வேண்டும்போது உருகவிடாமல் நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, 5 நிமிடம் கூடுதலாக வேகவிட்டால் சரியாக இருக்கும்.