ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஓடவிட்டுப் படியுங்கள்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தை வரையறைகளில் தொடங்காதீர்கள். ஆய்வகத்தில் மாணவர்களோடு உட்காரும்போது நான் கேட்பது மூன்றுதான்: லினக்ஸ், சி மொழி, ஒரு நோட்டு. லினக்ஸ் தனியாக இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷினே (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) போதும்.

முதலில் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். ஃபோர்க் என்பது ஓடும் ப்ராசஸை நகலெடுக்கும் சிஸ்டம் கால் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் வேலை கேட்கும் அழைப்பு). ஒருமுறை அழைத்தால் அது இரண்டு இடத்தில் திரும்பி வரும். தாய் ப்ராசஸுக்குச் சேயின் எண் கிடைக்கும், சேய்க்கு 0. அடுத்தடுத்து இரண்டு ஃபோர்க் எழுதி, கீழே ஒரு வரியை அச்சிடச் சொல்லுங்கள். எத்தனை வரி வரும் என்று நோட்டில் எழுதாமல் ஓட்டக் கூடாது. இதில் நான் விடாப்பிடி. நான்கு வரும். ஏன் என்று மரம் வரைந்து பாருங்கள்.

அப்புறம் ஷெட்யூலிங்: எந்த ப்ராசஸ் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது. தேர்வுக்குக் கேட்கும் கணக்குகள் இதில் சுலபம். எந்த ப்ராசஸ் எப்போது ஓடுகிறது என்று காட்டும் காண்ட் சார்ட் நாலைந்து போட்டுப் பழகினால் கை வந்துவிடும். அதிலேயே வாரக்கணக்கில் நிற்க வேண்டாம்.

நேரம் கொடுக்க வேண்டியது த்ரெட்டுகளுக்கு, அதாவது ஒரே ப்ராசஸுக்குள் மெமரியைப் பகிர்ந்துகொண்டு ஓடும் வேலைகளுக்கு. ஒரு குளோபல் கவுன்ட்டர், இரண்டு த்ரெட்டுகள். ஒவ்வொன்றும் அதை 10 லட்சம் முறை ஒன்று கூட்டட்டும். விடை 20 லட்சம் வர வேண்டும். பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், அதுவும் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறாக. ஒரே வரியாகத் தெரியும் அந்தக் கூட்டல் உள்ளே மூன்று வேலை: மெமரியிலிருந்து எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. இரண்டு த்ரெட்டும் 41 என்று எடுத்து, இரண்டும் 42 என்று வைத்தால் ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். கம்பைல் செய்யும்போது ஆப்டிமைசேஷன் போடாதீர்கள். போட்டால் கம்பைலர் அந்த லூப்பையே ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடலாம், பிழை கண்ணில் படாது. இப்போது அந்தக் கூட்டலுக்கு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டு மறுபடி ஓட்டுங்கள். விடை சரியாக இருக்கும், நேரம் கூடியிருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு கிரிட்டிக்கல் செக்ஷனை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழைய வேண்டிய பகுதி) நான் விளக்கவே தேவையில்லை. அடுத்து இரண்டு மியூடெக்ஸ் வைத்து, த்ரெட்டுகள் அவற்றை எதிரெதிர் வரிசையில் பூட்டும்படி எழுதுங்கள். சில நேரம் நிரல் அப்படியே நின்றுவிடும். ஒன்று பூட்டியதை மற்றது எதிர்பார்த்து இரண்டும் காத்துக் கிடக்கும் டெட்லாக் அதுதான்.

மெமரிக்கு வரும்போது கணினியை மூடிவிட்டு நோட்டை எடுங்கள். மெமரியை ஒரே அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து எண்ணுவார்கள், 0-இலிருந்து. பக்கம் ஒன்று 4096 பைட் என்றால் முகவரி 10000 எங்கே இருக்கிறது? 4096 இரண்டு முறை போனால் 8192, மீதி 1808. ஆகவே பக்க எண் 2, ஆஃப்செட் (பக்கத்துக்குள் உள்ள தூரம்) 1808. இது பழகியதும் 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற பக்க வரிசையை ஃபிஃபோ முறையில் (முதலில் வந்த பக்கம் முதலில் வெளியேறும்) போட்டுப் பாருங்கள். மூன்று ஃப்ரேம் (ஒரு பக்கம் வைக்கும் மெமரி இடம்) கொடுத்தால் 9 பேஜ் ஃபால்ட் (கேட்ட பக்கம் மெமரியில் இல்லாமல் போவது), நான்கு கொடுத்தால் 10. மெமரியைக் கூட்டியும் ஃபால்ட் கூடுகிறது! பெலாடி முரண் என்று பாடத்தில் ஒரு வரியில் வருவது இதுதான். நீண்ட நேரம் பயன்படாத பக்கத்தை வெளியேற்றும் எல்ஆர்யூ முறையில் இதே வரிசைக்கு முறையே 10, 8 வரும், போட்டுச் சரிபாருங்கள்.

இவ்வளவும் கைக்கு வந்தபின் எக்ஸ்வி6 பக்கம் போகலாம். அமெரிக்காவின் எம்ஐடியில் பாடம் நடத்தவே எழுதிய சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது. முழுவதையும் வாசிக்க முயலாதீர்கள். ஷெட்யூலர் ஃபங்ஷனை மட்டும் திறந்து பாருங்கள். நீங்கள் காண்ட் சார்ட்டில் வரைந்த ரவுண்ட் ராபின் (ப்ராசஸ்களுக்கு முறைவைத்து நேரம் கொடுப்பது), ப்ராசஸ் பட்டியலைச் சுற்றிவரும் ஒரு லூப்பாக அங்கே இருக்கும்.