சர்டிஃபிகேஷன் படிக்க வேலையை விடலாமா? பேப்பர் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்க்டாப் சப்போர்ட், வாய்ஸ் பிபிஓ, எல்1 டிக்கெட் (முதல் கட்டப் புகார்களைப் பார்க்கும்) வேலை என்று இரண்டு மூன்று வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்தே தீரும். பேப்பர் போட்டுவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்து சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்), ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சான்றிதழ்) என்று ஏதாவது ஒன்றை முடித்துவிட்டால் நெட்வொர்க்கிங்கிலோ கிளவுடிலோ போய்விடலாம் என்று. நைட் ஷிஃப்ட் முடிந்து கேபில் தூங்கி வழிந்துகொண்டு வரும்போது இது ரொம்ப நியாயமாகவே தெரியும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது நஷ்டக் கணக்கு என்பதுதான் என் கருத்து. சர்டிஃபிகேட் உங்கள் ரெஸ்யூமேயைத் திறந்து பார்க்க வைக்கும், அவ்வளவுதான். கடைசி இரண்டு வருடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை வைத்துத்தான் ஆஃபர் வரும், அதைத்தான் நீங்கள் நிறுத்தப் போகிறீர்கள்.

இன்டர்வியூவில் டிஹெச்சிபி, அதாவது நெட்வொர்க்கில் சேரும் மெஷினுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை, எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் படித்தவர் எல்லாரும் நான்கு படியையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். அடுத்த கேள்விதான் ஆளைப் பிரிக்கும்: "கடைசியா எப்போ டிஹெச்சிபி பிரச்சினை பார்த்தீங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" ஒரு மாடியில் பத்து பேருக்கு நெட் வரவில்லை, மெஷினில் பார்த்தால் 169.254 என்று ஐபி நிற்கிறது, அதாவது சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது, அங்கிருந்து நெட்வொர்க் ஸ்விட்ச்சின் போர்ட் வரை எப்படித் தேடிப் போனோம் என்று சொல்ல வேலையில் இருப்பவரிடம் கதை இருக்கும். ஆறு மாதம் வீட்டில் வீடியோ பார்த்தவரிடம் இருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லாரும் தேர்வுக் கட்டணத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். சிசிஎன்ஏ 300 டாலர், ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர், மேலே வரி. பெரிய தொகைதான், ஆனால் நிஜமான செலவு அது இல்லை. மாதம் 25,000 கையில் வாங்குகிறவர் ஆறு மாதம் வீட்டில் இருந்தால் 1,50,000 போகிறது, அதோடு படித்து முடித்த மறுநாளே வேலை கிடைத்துவிடாது, தேடும் மாதங்களும் அதே கணக்கில்தான் சேரும். அந்த ஓட்டையை அடைக்க பிஎஃப் பணத்தை எடுக்கிறார்கள். ஐந்து வருடத் தொடர்ச்சியான சர்வீஸ் முடியாமல் எடுத்தால் அதற்கு வருமான வரி உண்டு. இன்னொன்று, நான்கரை வருடம் முடித்துவிட்டு அவசரமாக பேப்பர் போடுகிறவர்கள் கிராஜுவிட்டியை (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம், வழக்கமான ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வேண்டும்.

"முழு நேரமும் கிடைத்தால் நாலு மடங்கு வேகமாகப் படித்துவிடுவேன்" என்பது அடுத்தது. முதல் வாரம் படிப்பீர்கள். மூன்றாவது வாரத்தில் வீட்டில் "சும்மாதானே இருக்கே" என்று ஆரம்பிப்பார்கள், சிலிண்டர் வாங்கப் போவதும் பேங்குக்கு ஓடுவதும் ஊர்க் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போவதும் உங்கள் தலையில் வந்து விழும், இதில் வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. தினம் இரண்டு மணி நேரம் நான்கு மாதம் படித்தால் 240 மணி நேரம். அடிப்படை தெரிந்தவருக்கு சிசிஎன்ஏ-வுக்கு இது போதும். ஷிஃப்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ அந்த இரண்டு மணி நேரத்தை எடுக்க முடியாதவர், எட்டு மணி நேரம் கிடைத்தாலும் அதைப் பெரிதாகப் பயன்படுத்தப் போவதில்லை. லேபுக்குக்கூட ஆபீஸை விட வேண்டியதில்லை, நெட்வொர்க்கை கம்ப்யூட்டரிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் இலவசம், ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

எந்தத் தேர்வு என்பதிலும் சறுக்குகிறார்கள். சைபர் செக்யூரிட்டியில் நல்ல சம்பளம் என்று கேள்விப்பட்டு சிஐஎஸ்எஸ்பி என்ற செக்யூரிட்டி சான்றிதழுக்குப் படிக்க வேலையை விடுகிறேன் என்பவர்கள் உண்டு. அந்தச் சான்றிதழுக்கு அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்து வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம் வேண்டும், டிகிரி இருந்தால் ஒரு வருடம் குறையும். அனுபவம் இல்லாமல் தேர்வில் தேறினால் அசோசியேட் என்றுதான் சொல்லிக்கொள்ளலாம். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டுக்கான பிஎம்பி-யும் அப்படித்தான், முதலில் ப்ராஜெக்டை நடத்திய அனுபவத்தைக் காட்டச் சொல்லும். அனுபவத்தை வைத்துத் தரும் சான்றிதழுக்காக அனுபவத்தை நிறுத்துவதை என்னவென்று சொல்வது.

காலாவதியையும் யாரும் பார்ப்பதில்லை. சிசிஎன்ஏ-வும் ஏடபிள்யூஎஸ் அசோசியேட்டும் மூன்று வருடம், குபெர்னெட்டிஸ் என்ற கிளவுட் மென்பொருளை நிர்வகிப்பதற்கான சிகேஏ இப்போது இரண்டு வருடம், மைக்ரோசாஃப்டின் அசோசியேட் சான்றிதழ்களை ஒவ்வொரு வருடமும் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்க வேண்டும். பாடமே மாறிவிடுவதும் உண்டு: 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ தன் பல சிசிஎன்ஏ-க்களை ஒன்றாகச் சுருக்கியது, 2021 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் தன் எம்சிஎஸ்இ சான்றிதழையே மூடியது. "ஒன்றரை வருடம் உட்கார்ந்து வரிசையாக நாலு சர்டிஃபிகேஷன்" என்று திட்டம் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாலாவதை எடுத்து வேலையும் தேடி முடிப்பதற்குள் முதலாவதுக்குப் பாதி ஆயுசு போயிருக்கும்.

இனி இருப்பதிலேயே மோசமான தவறு. வேளச்சேரியிலோ ஓஎம்ஆரிலோ ஒரு ட்ரெய்னிங் சென்டரில் "100% பிளேஸ்மென்ட்" என்ற போர்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது, அதை நம்பி வேலையை விடுவது. எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேப்பரில் அது "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்" என்று சுருங்கிவிடும். கோர்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகியும் எதுவும் அமையவில்லை என்றால் அடுத்த பேச்சு வரும்: "மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தரோம்." இங்கேதான் நிறைய பேர் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் இப்போது யூஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) சர்வீஸ் ஹிஸ்டரியையே கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பிஎஃப் கட்டியது என்று அதில் இருக்கும், லெட்டர்ஹெட்டில் அடித்த கடிதம் அதன் முன் நிற்காது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூடக் கண்டுபிடித்து வெளியே அனுப்புகிறார்கள். வேலை இல்லாத இடைவெளி உண்மையாகவே இருந்தால் அதை விளக்கிவிடலாம், போலி அனுபவத்தை விளக்க வழியே இல்லை. டம்ப்ஸ், அதாவது கசிந்த தேர்வுக் கேள்விகளை, படித்துப் பாஸ் ஆவதும் இதே ரகம்தான், பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்யும் உரிமை தேர்வு நடத்துகிறவர்களுக்கு இருக்கிறது, பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் பத்தே நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்காமலே விடுவதையும் சொல்ல வேண்டும். சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், ஏடபிள்யூஎஸ் இவற்றின் பார்ட்னராக இருக்கும் கம்பெனிகளுக்குத் தங்கள் நிலையைத் தக்கவைக்க சர்டிஃபைடு ஆட்கள் தேவை, அதனால் பாஸ் ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தரும் இடங்கள் நிறைய. நீங்கள் சொந்தக் காசில் வீட்டில் உட்கார்ந்து செய்யப் போவதை அவர்கள் செலவிலேயே செய்ய முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். நெட்வொர்க் டீமுக்கு இன்டர்னல் மூவ் உண்டா என்றும் அப்படியே கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் ஒன்று உண்டு: வேலையில் இருந்துகொண்டே "படிக்கிறேன், படிக்கிறேன்" என்று வருடக்கணக்கில் தேதியே போடாமல் இழுப்பது. ஸ்லாட்டை புக் பண்ணுங்கள். தோற்றாலும் சிஸ்கோவில் ஐந்து நாள், ஏடபிள்யூஎஸ்ஸில் 14 நாள் கழித்து மறுபடி எழுதலாம். என்ன, மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

அப்போ வேலையை விடவே கூடாதா? அப்படி இல்லை. சுழற்சி ஷிஃப்டில் உடம்பு கெட்டுப்போயிருந்தால் விடுங்கள், அது வேறு விஷயம், படிப்பை அதற்குச் சாக்காக வைக்க வேண்டியதில்லை. தேர்வில் ஏற்கெனவே தேறிவிட்டு, இன்டர்வியூ அழைப்புகளும் வந்துகொண்டிருக்க, 90 நாள் நோட்டீஸ் என்றதும் எல்லாரும் போனை வைத்துவிடுகிறார்கள் என்றால் பேப்பர் போட்டுவிட்டுத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும், அதை வட்டிக்கு வாங்கியிருக்கக் கூடாது.

அப்படி முடிவு செய்துவிட்டால் போகும் முன் சில வேலைகள். கம்பெனியின் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் பொதுவாகக் கடைசி நாளோடு முடிந்துவிடும், அப்பா அம்மாவும் அதில் இருந்தால் தனி பாலிசிக்கு மாற்றிக்கொள்ளும் வழியை நோட்டீஸ் காலத்திலேயே ஹெச்ஆரிடம் கேளுங்கள், புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். பேஸ்லிப், ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர் எல்லாவற்றையும் லாகின் மூடும் முன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும் வரை விடாமல் மெயில் போடுங்கள், போனில் சொன்னதையெல்லாம் நம்பி உட்கார வேண்டாம்.