சைக்கிளில் மலையேறும்போது முழங்கால் வலி: நான் சரிசெய்த விதம்

மலையடிவாரத்தில் வண்டிகள் அதிகம் வராத சாலைகளில் சைக்கிள் ஓட்டுவதைவிட எனக்கு இனிய பொழுது வேறில்லை. ஆனால் ஏற்றம் 8 சதவீதத்தைத் தாண்டியதும் மிதி நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கீழே இறங்கி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கிவிடும். இருக்கையைச் சற்று உயர்த்திப் பார்த்தேன், ஓரளவே குறைந்தது.

பிறகுதான் செயின் ஓடும் பல்சக்கரங்களின் பற்களை எண்ணினேன். முன்னால் 34, பின்னால் மிகப் பெரியது 28. அதாவது மிதி ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் 1.2 முறைக்கு மேல் சுழல வேண்டும். பின்பல் தொகுதியை 11–34 ஆக (மிகச் சிறிய பல்சக்கரத்தில் 11 பல், மிகப் பெரியதில் 34) மாற்றியதும் அது சரியாக ஒரு முறையாயிற்று. அதே வேகத்தில் கால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றுகிறது, அழுத்தும் விசையோ குறைந்துவிட்டது.

பல் தொகுதியை மட்டும் மாற்றினால் போதாது. பழைய செயின் பெரிய பல்சக்கரத்தில் ஏறியதும் விறைத்து நின்றதால் நீளமானதைப் போட்டேன்; கியர் மாற்றியின் (பின்னால் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) மேல் உருளை பல்லில் உரசிக் கரகரத்ததால், அதன் பின்புறமுள்ள சிறு திருகை அரை அரைச் சுற்றாக இறுக்கி விலக்கினேன். என் கியர் மாற்றி 34 பல் வரை தாங்கும். உங்களுடையது எத்தனை பல் தாங்கும் என்று பார்த்த பின்பே வாங்குங்கள். அடுத்தடுத்த கியர்களுக்கிடையே இடைவெளி கூடியிருப்பது சமதளத்தில் சற்று உறுத்துகிறது. ஏற்றத்தில் முழங்கால் வலிக்கவில்லை.