நிகழ்ச்சி நாட்காட்டி மக்கர் செய்யும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன், ஒரு பள்ளியின் இணையதளத்தில் ஆண்டு விழாவைப் பதிந்துகொண்டிருந்தான். விழா மாலை 6.30 மணிக்கு. அவன் பிற்பகல் 1.00 என்று அடித்தான். ஏன் என்று கேட்டேன். “அண்ணா, 6.30 என்று போட்டால் போனில் நள்ளிரவு 12 என்று காட்டுகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் போட்டால் சரியாக வருகிறது” என்றான். முகத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்ட பெருமை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே கழித்தல் கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன், அதே பெருமையோடு.

வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) தளத்தில் நிகழ்ச்சி நாட்காட்டி ப்ளகின், அதாவது அதோடு சேர்க்கும் துணை மென்பொருள், வைத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காப்புநகல் எடுங்கள், கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் கொடுக்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை தெரிந்தும் செய்யாதவர்கள் நான் சொல்லியா கேட்கப் போகிறார்கள்?

ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் போடுவது

பல வருடங்களுக்கு முன்னால், சென்னையில் ஒரு சிறிய சபாவுக்குத் தளம் அமைத்துக் கொடுத்தேன். மார்கழி சீசனுக்கு நாற்பத்து மூன்று கச்சேரிகள். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பதிந்தேன். பக்கத்தில் ‘மாலை 6.30’ என்று அழகாகத் தெரிந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் கீழே ‘என் நாட்காட்டியில் சேர்’ என்ற பொத்தான் இருந்தது. அதை ஒரு தடவைகூட நான் அழுத்திப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நடுராத்திரியிலா கச்சேரி?” என்றார். ரசிகர் ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவருடைய போன் நள்ளிரவு 12 மணி என்று குறித்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. வேர்ட்பிரஸை ஆங்கிலத்தில் புதிதாக நிறுவினால் அதன் நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில், அதாவது பூஜ்யத்தில் இருக்கும். நான் அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் எழுத்தாகக் காட்டும்போது 6.30 என்பது 6.30தான். யாருடைய 6.30 என்று பக்கம் சொல்வதில்லை. போனுக்கு அனுப்பும்போது சொல்லியாக வேண்டும். ‘உலகப் பொது நேரப்படி 6.30’ என்று சொல்லி அனுப்பியது. போன் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 12 என்றது. போன் செய்தது சரிதான்.

நான் அமைப்புகளைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று நிகழ்ச்சிகளிலும் நேரத்தை 1.00 என்று மாற்றினேன். போனில் 6.30 வந்துவிட்டது. பக்கத்தில் 1.00 என்று அசிங்கமாகத் தெரிந்ததே, அதை இரண்டு வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் குறியீடு) போட்டு மறைத்தேன். உண்மையான நேரத்தைத் தலைப்பிலேயே கையால் எழுதினேன். செயலாளர் பாராட்டினார்.

மூன்றாவது வாரம், என்னோடு வேலை பார்த்த ஒருவர், நேரம் குறித்துவைத்த பதிவுகள் தப்பான நேரத்தில் வெளியாவதைக் கவனித்தார். ‘ஜெனரல்’ அமைப்புகளுக்குப் போய்க் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தார். அது சரியான வேலை. என்னிடம் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாகவும் அவருக்குத் தெரியாது. அந்த நொடியிலிருந்து நாற்பத்து மூன்று கச்சேரிகளும் இந்திய நேரப்படி பிற்பகல் 1 மணிக்கு நகர்ந்தன. நாட்காட்டிக்குச் சந்தா வைத்திருந்த போன்கள் எல்லாம் தாமாகவே புதிய நேரத்தை வாங்கிக்கொண்டன.

நள்ளிரவு 12 என்று காட்டியபோது சிரித்துவிட்டு உடனே அழைத்துச் சொன்னார்கள். பிற்பகல் 1 மணி என்றபோது யாரும் அழைக்கவில்லை. மார்கழியில் அந்த நேரத்துக்கு இளம் கலைஞர்களின் கச்சேரி நடப்பது வழக்கம், அதனால் எல்லாரும் நம்பிவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து வந்த தம்பதி, பூட்டிய அரங்கத்தின் வாசலில் காவலாளியோடு வாதம் செய்துகொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களைப் போல அன்று பதினோரு பேர். டிக்கெட் பணத்தைச் சபா திருப்பிக் கொடுத்தது. நான் அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. அன்றிரவு நாற்பத்து மூன்றையும் மறுபடி பதிந்து முடிக்கும்போது மணி நாலே கால். இன்றைக்கும் யாராவது நேரத்தைக் கழித்துப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மீதுதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் ‘ஜெனரல்’ அமைப்பு. நேர மண்டலப் பட்டியலுக்குக் கீழே உலகப் பொது நேரமும் உங்கள் தளத்தின் நேரமும் எழுத்தில் இருக்கும். சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் சென்னையைத் தேடாதீர்கள், இருக்காது. இந்தியாவுக்குக் கொல்கத்தா, இலங்கைக்குக் கொழும்பு.

அடுத்து, உங்கள் ப்ளகின் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில ப்ளகின்கள் தளத்தின் நேர மண்டலத்தையே எல்லா நிகழ்ச்சிக்கும் எடுத்துக்கொள்ளும். சில, ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் அதன் நேர மண்டலத்தைத் தனியாகச் சேமிக்கும். ‘தி ஈவென்ட்ஸ் காலண்டர்’ ப்ளகினில் எப்படிக் காட்டுவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது ரகத்தில், தள அமைப்பைத் திருத்தினாலும் பழைய நிகழ்ச்சிகள் பழைய மண்டலத்திலேயே நிற்கக்கூடும். புதியவை சரியாக, பழையவை தப்பாக வரும். அது இன்னும் குழப்பம்.

மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. ‘என் நாட்காட்டியில் சேர்’ பொத்தானை அழுத்திக் கிடைக்கும் ஐசிஎஸ் (நாட்காட்டி) கோப்பை நோட்பேடில் திறந்து, ‘டிடிஸ்டார்ட்’ (DTSTART) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 20251220 என்று தேதி, பிறகு ஒரு ‘டி’ எழுத்து, பிறகு 183000 என்று நேரம். வரி ‘இசட்’ எழுத்தில் முடிந்தால் அந்த நேரம் உலகப் பொது நேரம். மாலை 6.30 நிகழ்ச்சிக்கு 183000 என்று போட்டு இசட்டில் முடிந்திருந்தால், என் சபாவின் நோய் உங்களுக்கும் வந்திருக்கிறது. 130000 என்று போட்டு இசட்டில் முடிந்தால் சரி. நகரத்தின் பெயரோடு 183000 இருந்தாலும் சரி. அரை நிமிட வேலை. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

இன்னொன்றும் இதே குடும்பம்தான். இணையத்தில் எங்கோ கிடைத்த ஒரு வரியை எடுத்து, தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) கோப்பில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் நேர மண்டலத்தை மாற்றிவிடுகிறார்கள். வேர்ட்பிரஸ் தன் உள்வேலைக்குப் பிஎச்பி உலகப் பொது நேரத்தில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அதை மாற்றினால் நாட்காட்டியோடு மற்றவையும் சேர்ந்து குழம்பும். ‘சைட் ஹெல்த்’ பக்கம் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். அந்தப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

ஊர்ப் பெயருக்குப் பதிலாக எண்ணைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் மட்டும் இருந்தால் +5.30 என்றாலும் கொல்கத்தா என்றாலும் ஒன்றுதான். லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு வேலை செய்தபோது தெரிந்தது. கோடையில் யாரோ +1 என்று வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை 10 மணி வகுப்பு. அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், 2025இல் அது 26ஆம் தேதி. அடுத்த சனிக்கிழமை போன்களில் வகுப்பு 9 மணி என்றது. பெற்றோர் பிள்ளைகளோடு குளிரில் நின்றார்கள். லண்டன் என்று தேர்ந்தெடுத்திருந்தால், எந்த ஞாயிறு எவ்வளவு நகரவேண்டும் என்பது அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்திருக்கும். கொழும்பும் அப்படித்தான். 1996இல் இரண்டு முறையும் 2006இல் ஒரு முறையும் இலங்கை தன் நேரத்தை மாற்றியது. எண்ணுக்கு அந்த வரலாறு தெரியாது.

404 (பக்கம் கிடைக்கவில்லை) வந்ததும் ப்ளகினை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது

‘பெர்மாலிங்க்’ (பக்க முகவரி) அமைப்புக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். தீராவிட்டால், நாட்காட்டி பயன்படுத்தும் அதே முகவரியில் நீங்கள் தனியாக ஒரு பக்கம் உருவாக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அணைப்பது வேறு, அழிப்பது வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழிக்கும்போது தரவையும் துடைத்துவிடும் ப்ளகின்கள் உண்டு.

வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும்போதே எல்லா ப்ளகினையும் அணைப்பது

‘மற்ற ப்ளகின்களை அணைத்துப் பாருங்கள்’ என்று எல்லாரும் சொல்வார்கள். சரியான ஆலோசனைதான். அதற்காக மாலை ஏழு மணிக்கு, டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும் தளத்தில் கட்டணப் ப்ளகினையும் சேர்த்து அணைத்தவரை நான் பார்த்திருக்கிறேன். ‘ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங்’ என்ற இலவச ப்ளகின் இருக்கிறது. அதன் சோதனை முறையில் நுழைந்தால், உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லாம் அணைந்திருக்கும், வந்து போகிறவர்களுக்குத் தளம் எப்போதும் போலத் தெரியும். ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். தளத்தின் தீம் எதுவோ, அதையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். குற்றவாளி பல சமயம் தீம்தான்.

அடுத்த மாத அம்பு சுற்றிக்கொண்டே இருந்தால் நாட்காட்டியைத் திட்டுவது

எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ தாவலைத் திறந்து, அம்பை மறுபடி அழுத்துங்கள். சிவப்பில் 401 அல்லது 403 வந்தால் யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இன்றைய நாட்காட்டிகளில் பல, அடுத்த மாதத்தை வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ (தளத்தின் தகவலைக் கேட்டு வாங்கும் வாசல்) வழியாகக் கேட்டு வாங்குகின்றன. பாதுகாப்பு ப்ளகினில் ‘ரெஸ்ட் ஏபிஐயை மூடு’ என்ற ஒரு கட்டத்தை யாரோ நல்ல எண்ணத்தில் டிக் செய்திருப்பார்கள். பெரும்பாலும் அந்த யாரோ நீங்கள்தான்.

இலவசத்தைப் புதுப்பித்துவிட்டுக் கட்டண இணைப்பை விட்டுவிடுவது

அடிப்படை ப்ளகின் இலவசம், தொடர் நிகழ்ச்சிக்கும் டிக்கெட்டுக்கும் தனியாகக் கட்டண இணைப்பு என்பதுதான் இந்தத் துறையின் வழக்கம். உரிமம் காலாவதியானதும் கட்டண இணைப்பு அதே பதிப்பில் நின்றுவிடும். இலவசமானது தானாகவே புதுப்பித்துக்கொண்டு முன்னால் ஓடும். ஒருநாள் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் தளம் விழும். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ், இப்படி விழும்போது நிர்வாகிக்கு மீட்பு இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறது. அந்த மின்னஞ்சல் முகவரி, நான்கு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனவருடையதாக இருக்கும். இப்போதே போய்ப் பாருங்கள்.

கேஷ்

வேகத்துக்காகச் சேமித்துவைத்திருக்கும் பக்க நகல்தான் கேஷ். முதலில் அதைத் துடைத்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் பலர் கவனிப்பதில்லை. பதிவுப் படிவத்தில் வேர்ட்பிரஸ் ஒரு ரகசியச் சீட்டை ஒளித்துவைக்கிறது. அதன் ஆயுள் வழக்கமாக அதிகபட்சம் 24 மணி நேரம்தான். பக்கத்தை ஒரு வாரம் கேஷில் வைத்தால் சீட்டு செத்துப்போய்விடும், பக்கம் மட்டும் உயிரோடு இருக்கும். பெயர் பதிய முயல்கிறவருக்குக் கோளாறு வரும். நீங்கள் உள்நுழைந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் உள்நுழைந்தவருக்குப் பொதுவாகக் கேஷ் இல்லை. ‘என் கணினியில் வேலை செய்கிறதே’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் முன்னால், வெளியேறி ஒரு முறை பார்ப்பது நல்லது.

சந்தாவையும் இறக்குமதியையும் ஒன்றாக நினைப்பது

கூகுள் காலண்டரில் கோப்பை இறக்குமதி செய்தால் அது அன்றைய நகல். நீங்கள் தளத்தில் எதை மாற்றினாலும் அது மாறாது. முகவரி கொடுத்துச் சந்தா வைத்தால் மாறும், ஆனால் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. மாலைக் கச்சேரி ரத்தானதைப் பிற்பகலில் தளத்தில் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

நினைவூட்டல் மின்னஞ்சல் தாமதமானால் அஞ்சல் சேவையை மாற்றுவது

வேர்ட்பிரஸின் கால அட்டவணை, யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். இரவில் யாரும் வராத தளத்தில் காலை ஆறு மணி நினைவூட்டல் ஒன்பதுக்குப் போகும். சர்வரில் உண்மையான கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் ஏற்பாடு) ஒன்றை வைத்துவிடுங்கள்.

விழாவுக்கு முந்தின நாள் புதுப்பிப்பது

வேண்டாம்.

‘காலண்டர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதி உதவி கேட்பது

வேர்ட்பிரஸ் பதிப்பு, பிஎச்பி பதிப்பு, ப்ளகின் பதிப்பு, நீங்கள் என்ன அழுத்தினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், கடைசியாக எதை மாற்றினீர்கள். இதை எழுதி அனுப்பினால் பாதி நேரம் அனுப்பும் முன்பே விடை கிடைத்துவிடும். அந்தப் பையனையும் அப்படி எழுதச் சொன்னேன். ‘கடைசியாக மாற்றியது’ என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். “அண்ணா, 1.00 என்று ஏற்கெனவே பதினேழு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டேன்” என்றான். எனக்கும் ஒரு தேநீர் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.