எத்னாவின் எரிமலை மண்ணில் 120 திராட்சைக் கொடியும் ஒரு டமிஜானா வைனும்

சிசிலித் தீவின் எத்னா எரிமலையில், வடக்குச் சரிவில், ரண்டாட்சோவுக்கும் லிங்குவாகுலோசாவுக்கும் இடையில் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து 2016 பெப்ரவரியில் 120 கொடி நட்டேன். 700 மீற்றர் உயரம். 2019 ஒக்ரோபரில் முதல் அறுவடை. அந்த வைனில் பாதியை நிலத்தில் ஊற்ற வேண்டி வந்தது. எந்த இடத்தில் பிழை நடந்தது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

இது வீட்டுக்கு மட்டும் செய்யும் வைன். சொந்தப் பாவனைக்கு 1,000 சதுர மீற்றர் வரை நட இத்தாலியில் தனி அனுமதி தேவையில்லை. விற்பதென்றால், அதிலும் இயற்கை முறை வைன் என்று போத்தலில் எழுதி விற்பதென்றால், சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்கு முன் இயற்கை முறைக்கு மாறும் காலம் என்று கொடிக்கு மட்டும் 3 ஆண்டு போகும்.

1. நடுதல்

இந்த மண்ணை அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும். கறுப்பு மணலும், ‘ரிப்பிடு’ என்று ஊரார் சொல்லும் நுரைக்கல் துண்டுகளும்தான் அதில் இருக்கும். தண்ணீர் தேங்கவே தேங்காது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த வேர்ப்பேன் இந்த மணலில் இலகுவில் பரவாது. அதனால் வேறு வேரில் ஒட்டாத கிழட்டுக் கொடிகள் இங்கே இன்னும் காய்க்கின்றன. அவற்றைப் பார்த்து நீங்களும் ஒட்டில்லாமல் நட்டுவிடாதீர்கள். 1103 பவுல்சன் என்ற வேர்க்கட்டையில் ஒட்டிய நாற்று வாங்குங்கள். பலெர்மோவில் உருவான கட்டை அது, வறட்சியை நன்றாகத் தாங்கும். இனம் நெரெல்லோ மஸ்கலேசே. எத்னாவின் சிவப்பு வைனுக்கு 1968இல் வகுத்த விதிப்படியும் அதுதான் முதன்மைப் பழம்.

முழங்கை ஆழக் கிடங்கு, நட்டதும் கொடிக்கு 10 லீற்றர் தண்ணீர். முதல் இரண்டு கோடையும் விடாமல் ஊற்றுங்கள். பிறகு வேர் தானாகவே கீழே தேடிப் போய்விடும்.

கொடிகளுக்கிடையே 1.2 மீற்றர் விட்டேன். கம்பி கட்டவில்லை. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு செஸ்நட் மரக் கம்பு நட்டு, சிறு மரம்போல் நிற்க விட்டேன். ‘ஆல்பெரெல்லோ’ என்ற பழைய முறை இது. இரும்புக் கம்பை விட மரக் கம்பே எனக்குப் பிடிக்கும். காற்றில் கொடியோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்துகொடுக்கும், தண்டைக் காயப்படுத்தாது.

2. கவ்வாத்து

யாழ்ப்பாணத்தில் பந்தலில் முந்திரிகை (திராட்சை) வளர்த்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே கொடிக்கு உறக்கம் இல்லை, வெட்டினால் துளிர்த்துக் காய்க்கும். இங்கே குளிரில் இலையெல்லாம் கொட்டி உறங்கிவிடும். அந்த உறக்கம் முடிவதற்குள், ஜனவரி பெப்ரவரியில், மூன்று கை மட்டும் விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கணு வைத்து வெட்டுங்கள். கொடிக்கு ஒரு கிலோ பழம் கிடைத்தால் போதும்.

3. பசளையும் மருந்தும்

சாம்பல் மண் எல்லாச் சத்தும் நிறைந்தது என்று நினைத்திருந்தேன். பொட்டாசியம் தாராளம், ஆனால் நைதரசன் குறைவு. நவம்பரில் வரிசைகளுக்கிடையே ஃபாவா அவரை விதைத்து, ஏப்ரலில் பூக்கும்போது வெட்டி மண்ணோடு கலந்துவிடுங்கள். சாற்றை வைனாக்கும் நொதியத்துக்கும் (ஈஸ்ட்) நைதரசன் வேண்டும் என்பதால் இதன் பலன் ஒக்ரோபரில் வைன் வாளியிலும் தெரியும்.

வெண்பூஞ்சைக்குக் கந்தகத் தூள் போடுங்கள். 30 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் போட்டால் இலை கருகும். மழைக்காலப் பூஞ்சைக்குச் செப்பு. ஐரோப்பிய விதி 7 ஆண்டில் ஹெக்டேயருக்கு 28 கிலோ, அதாவது என் 170 சதுர மீற்றருக்கு ஆண்டுக்குச் சராசரி 68 கிராம். இது தூளின் நிறையல்ல, அதற்குள் இருக்கும் செப்பின் நிறை. மயில்துத்தத்தில் கால்பங்குதான் செப்பு.

4. நொதிக்கத் தொடங்குதல்

இங்கேதான் நான் விழுந்தேன்.

இந்த உயரத்தில் பழம் ஒக்ரோபர் நடுவிலோ கடைசியிலோதான் முற்றும். அந்த வாரத்தில் இரவு நன்றாகக் குளிரும். எரிமலைக் கல்லால் கட்டிய அறையில் 100 கிலோ பழத்தை மசித்துவிட்டு, தோலில் இருக்கும் நொதியமே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருந்தேன். சாறு 12 பாகையில் நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள், ஒரு குமிழி இல்லை. ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் நகப்பூச்சு மணம். நல்ல நொதியம் குளிரில் சோம்பிக் கிடக்க, வேண்டாதது முந்திக்கொண்டது. அந்த மணம் ஏறிவிட்டால் திரும்பாது. மூன்று ஆண்டு காத்திருந்து கிடைத்த முதற் பழம். அன்றிரவு நான் தூங்கவில்லை.

இப்போது இப்படிச் செய்கிறேன்.

அறுவடைக்கு 5 நாள் முன்பு, பழுதில்லாத குலைகளாக 5 கிலோ பறித்து, காம்பு நீக்கி மசித்து, இரண்டு சிறு வாளிகளில் பிரித்து, வீட்டுச் சமையலறையில் 22 முதல் 24 பாகையில் துணி மூடி வையுங்கள். நாளுக்கு மூன்று தடவை கிளறுங்கள். மூன்று நான்கு நாளில் நுரை பொங்கும். சர்க்கரை குறையக் குறைய சாற்றின் அடர்த்தி இறங்கும், அடர்த்திமானியில் அது 1.092 போல் தொடங்கி 1.045க்கு இறங்கியதும் முகர்ந்து பாருங்கள். ரொட்டி மாவும் பழமும் கலந்த மணம் வந்தால் நல்லது. நகப்பூச்சு மணம் வந்த வாளியைத் தயங்காமல் ஊற்றிவிடுங்கள். இரண்டு வாளி வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

பறித்த பெட்டிகளை ஓர் இரவு சூடான வீட்டுக்குள் வைத்துவிட்டு, மறுநாள் காம்பு நீக்கி 150 லீற்றர் தொட்டியில் மசியுங்கள். வேண்டாத கிருமிகளை அடக்க, 5 கிராம் பொட்டாசியம் மெற்றாபைசல்பைற்றைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். இயற்கை முறையிலும் இதற்கு அனுமதி உண்டு. உலர்ந்த (சர்க்கரை மிஞ்சாத) சிவப்பு வைனில், அதிலிருந்து வரும் கந்தக டையொக்சைட்டுக்கு எல்லை லீற்றருக்கு 100 மில்லிகிராம், நாம் அதற்கு வெகு கீழே நிற்கிறோம். அரை நாள் கழித்துச் சாறு 18 பாகைக்குக் கீழே இருந்தால், 10 லீற்றரை அள்ளி, துருப்பிடியாப் பானையில் 40 பாகைக்குச் சூடாக்கி, திரும்ப ஊற்றுங்கள். தேவையானால் இன்னொரு தடவை. பிறகே வாளி நொதியத்தைச் சேருங்கள். இரண்டுக்கும் வெப்பம் 8 பாகைக்கு மேல் வேறுபடக் கூடாது. தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள்.

பொங்கத் தொடங்கியதும் தானே சூடேறும். 28ஐத் தாண்டினால் கம்பளியை எடுத்துவிடுங்கள். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு மூன்று தடவை அமுக்கிவிடுங்கள். கதவையும் சன்னலையும் திறந்து வைக்க மறக்க வேண்டாம். கரியமில வாயு தரையோடு தேங்கும், மூடிய அறையில் குனிந்து வேலை செய்தால் உயிருக்கே ஆபத்து.

5. பிழிந்து நிரப்புதல்

எட்டுப் பத்து நாளில் அடர்த்தி 1.000க்குக் கீழே வரும். பிழியுங்கள். 100 கிலோவில் 65 லீற்றர் அளவு கிடைக்கும். 54 லீற்றர் டமிஜானாவை, அதாவது பெரிய கண்ணாடிக் குடுவையை, கழுத்து வரை நிரப்பி, மிச்சத்தைச் சிறு போத்தல்களில் வையுங்கள். குறையக் குறைய நிரப்ப அது வேண்டும். வாயில் நீர்ப்பூட்டு, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாது. டிசம்பரில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை அடிமண்டியை விட்டு மாற்றுங்கள். போத்தலில் அடைப்பது அடுத்த ஒக்ரோபரில்தான்.

பின்சேர்ப்பு 1: ‘ரிஃப்ராக்ரோமீற்றர் 8இலேயே நிற்கிறது, நொதித்தல் நின்றுவிட்டதா?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது ஒளி முறிவைக் கொண்டு சாற்றின் சர்க்கரையை பிறிக்ஸ் அளவில் காட்டும் கருவி, மதுசாரம் உருவானதும் கூட்டிக் காட்டும். 22இல் தொடங்கிய சாறு முழுதாக உலர்ந்தபின்னும் 8 போலத்தான் காட்டும். தோட்டத்தில் பழம் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குச் சாதாரணக் கண்ணாடி அடர்த்திமானியே போதும், விலையும் மலிவு.

பின்சேர்ப்பு 2: பழத்தில் எரிமலைச் சாம்பல் விழுந்தால் கழுவலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2021இல் மலை மாதக்கணக்கில் அடுத்தடுத்து வெடித்தபோது எனக்கும் அதே கவலை இருந்தது. அறுவடைக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால், காற்றடிக்கும் காலையில் வெறும் தண்ணீர் தெளித்துக் கழுவலாம். பறிக்கும் நாளில் கழுவ வேண்டாம், சாறு நீர்த்துப்போகும். குலையை மெல்ல உதறினால் போதும். மிஞ்சும் துகள் டமிஜானாவின் அடியில் படியும். முதல் மாற்றலை மட்டும் டிசம்பர் வரை தள்ளாமல், பிழிந்த மறுநாளே செய்துவிடுங்கள். அந்த வாரம் கவ்வாத்துக் கத்தரியையும் தீட்டி வையுங்கள். சாம்பல் அதன் முனையைத் தின்றிருக்கும்.